ஒரே குடோனா, கடைக்குக் கடையா? ஆன்லைன் ஆர்டர் அனுப்புவது பற்றி ஜவுளிக் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நான்கைந்து ஊர்களில் கடை வைத்திருக்கும் ரெடிமேட், ஜவுளி வியாபாரிகள் சொந்த இணையதளத்திலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுக்கத் தொடங்கியதும் எதிரே வந்து நிற்கும் கேள்வி, துணி எந்த இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பது. எல்லா ஆர்டரையும் ஒரே குடோனிலிருந்து அனுப்பலாம். வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் உள்ள கடையிலிருந்து அனுப்பலாம். இரண்டையும் கலக்கலாம். இதில் தப்பான முடிவெடுத்தால் கூரியர் பில்லிலும் தேங்கிய சரக்கிலும் வருடக்கணக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும். லாப நட்டக் கணக்கில் அது தனி வரியாகத் தெரியவும் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே இடத்தில் வைத்தால் குறைந்த சரக்கே போதும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஒரு நிபந்தனையோடு.

ஒரு சட்டை மாடல் மதுரை, திருச்சி, கோவை, சேலம் என நான்கு கடைகளிலும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான விற்பனைக்கான சரக்கு எப்படியும் வேண்டும். அதற்கு மேல், ஒரு வாரம் திடீரென்று அதிகம் போனால் கைவிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் உபரி வைக்கிறோம். கடைக்கு 12 வீதம் உபரி வைத்தால் மொத்தம் 48. இதே ஆர்டர்களை ஒரே குடோனிலிருந்து கொடுத்தால் 24 போதும். மதுரையில் கூடுகிற வாரம் சேலத்தில் குறையும், ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்ளும். உபரிச் சரக்கு இடங்களின் எண்ணிக்கைக்கு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுகிறது. நான்கு இடம் என்றால் ஒரே இடத்துக்கு ஆவதைப்போல் இரண்டு மடங்கு, ஒன்பது இடம் என்றால் மூன்று மடங்கு.

நிபந்தனை என்னவென்றால், ஊர்களின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். சாதாரண மாதங்களில் ஓரளவு அப்படித்தான் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அப்படி இல்லை. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஏறும், பண்டிகை முடிந்த மறுநாள் ஒரே நேரத்தில் விழும். அப்போது ஒன்றை ஒன்று ஈடுகட்ட ஆள் இல்லை. ஆடித் தள்ளுபடியும் அப்படியே. வருட விற்பனையில் பெரும்பகுதி பண்டிகையில் நடக்கும் கடையாக இருந்தால், சரக்கைப் பாதியாகக் குறைக்கலாம் என்று யாராவது ஸ்லைடு போட்டுக் காட்டினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். சேமிப்பு வரும், ஆனால் அந்த அளவுக்கு வராது.

அப்படியென்றால் கடைகளில் கிடக்கும் சரக்கை ஆன்லைனில் விற்கவே கூடாதா?

விற்க வேண்டும். கடைவழி அனுப்புவதற்கு உள்ள வலுவான காரணமே அதுதான், சொல்லப்போனால் வேகத்தைவிடவும் பெரிய காரணம்.

ரெடிமேடில் சைஸ் உடைவது எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று செட்டாக வாங்குகிறோம். எல்-ம் எக்ஸ்எல்-ம் முதலில் போய்விடும். கரூர் கடையில் எம் ஒன்றும் டபுள் எக்ஸ்எல் ஒன்றும் நிற்கும், திருநெல்வேலி கடையில் எல் ஒன்று மட்டும் நிற்கும். கடைக்கு வருகிறவருக்கு அந்த மாடல் செத்த சரக்கு. ஆனால் ஐந்து கடையிலும் மிச்சம் நிற்பதைச் சேர்த்து இணையதளத்தில் காட்டினால் அது கிட்டத்தட்ட முழு செட். பாதி விலைக்குத் தள்ளவேண்டிய துணி முழு விலைக்குப் போகும். கூரியருக்கு 30 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், 400 ரூபாய் தள்ளுபடி மிச்சமாகிறதே!

ஆகவே, சீசன் ஆரம்பத்தில் புதிய மாடல் குடோனிலிருந்து போகட்டும். சீசன் கடைசியில் கடையில் உடைந்து நிற்பது கடையிலிருந்தே போகட்டும். ஒரே துணிக்கே காலத்தைப் பொறுத்து விடை மாறுகிறது.

கடையிலிருந்து அனுப்பினால் வாடிக்கையாளருக்குச் சீக்கிரம் போய்ச் சேருமே?

பலரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. சேலம் கடையிலிருந்து சேலம் வாடிக்கையாளருக்குக் கூரியரில் போடுகிறீர்கள். பார்சலைக் கூரியர்காரர் சாயங்காலம் எடுத்துக்கொண்டு தன் மையத்துக்குப் போவார், அங்கே பின்கோடு வாரியாகப் பிரிப்பார்கள், மறுநாள் டெலிவரிக்கு வரும். திருச்சி குடோனிலிருந்து சாயங்காலம் கிளம்பிய பார்சலும் ராத்திரி லாரியில் வந்து பல நேரம் அதே மறுநாளே சேர்ந்துவிடும். தமிழ்நாட்டின் நீளம் அவ்வளவுதான். சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பயணம்.

தாமதம் பெரும்பாலும் சாலையில் ஏற்படுவதில்லை, நம்மிடமே ஏற்படுகிறது. காலை 11 மணிக்கு வந்த ஆர்டரைக் கடையில் கூட்டம் முடிந்து மாலை 7 மணிக்கு எடுத்தால், கூரியர் வண்டி போயிருக்கும். குடோனில் அதற்கென்றே உட்கார்ந்திருப்பவர் மதியத்துக்குள் பேக் செய்து வைத்திருப்பார். ஒரே ஊருக்குள் அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் கடைதான் சரி, அதுவும் சொந்த ஆளோ பைக் டெலிவரிக்காரரோ வைத்து.

வெளிமாநிலத்துக்கு விஷயம் வேறு. கௌஹாத்தி, ஜம்மு போன்ற இடங்களுக்குப் பெரும்பாலான கூரியர்களின் கட்டணப் பட்டியலில் தனி மண்டலம், தனி ரேட். அங்கே நிறைய வாடிக்கையாளர்கள் இருந்தால் வடக்கே ஓர் இடத்தில் சரக்கு வைப்பதை யோசிக்கலாம். இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். போன வருடத்து ஆர்டர்களின் பின்கோடு முதல் எண்ணை மட்டும் எடுத்து எண்ணினாலே தெரிந்துவிடும். 6-ல் ஆரம்பிப்பது தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி. 5 என்றால் கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா. பெரும்பகுதி இந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கினால் இன்னொரு குடோன் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கடைவழி அனுப்பியவர்கள் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள். எங்கே தடுக்குகிறது?

ஸ்டாக் கணக்கில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சனிக்கிழமை மாலையை யோசித்துப் பாருங்கள். கணினியில் மெரூன் சுடிதார், எல் சைஸ், கையிருப்பு 1 என்று காட்டுகிறது. இணையத்தில் ஒருவர் ஆர்டர் போட்டுப் பணமும் கட்டிவிட்டார். கடையில் அந்த ஒரு பீஸ் ட்ரையல் ரூமில் ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. பிடித்தால் பத்து நிமிடத்தில் பில் போடப்போகிறார். ஆர்டரை எடுக்க வந்த பையன் ரேக்கில் தேடுகிறான், இல்லை. எம் சைஸ் ஹேங்கரில் மாட்டியிருக்கிறதா, யாராவது மடித்து வேறு அடுக்கில் வைத்துவிட்டார்களா, ஆல்ட்டரேஷனுக்குப் போயிருக்கிறதா என்று தேடிவிட்டு, "இல்லை" என்று அழுத்துகிறான். ஆர்டர் அடுத்த கடைக்குத் தாவுகிறது. அங்கேயும் இதே கதை. மூன்றாம் நாள் வாடிக்கையாளருக்கு "மன்னிக்கவும், ஸ்டாக் இல்லை" என்று ஒரு மெசேஜ், பணம் திரும்ப இன்னும் ஒரு வாரம். அவர் மறுபடி நம் தளத்துக்கு ஏன் வரவேண்டும்?

குடோனில் இது நடப்பது குறைவு. அங்கே வாடிக்கையாளர் கை படுவதில்லை, திருட்டு குறைவு, ட்ரையல் ரூம் இல்லை. கடை என்பது துணி இடம் மாறிக்கொண்டே இருக்கும் இடம்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கணினியிலிருந்து ஏதாவது 100 பீஸைத் தேர்ந்தெடுத்து, கடைக்குப் போய் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். நூறில் ஐந்துக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கடை இன்னும் தயாராகவில்லை என்பதே என் அளவுகோல். தினமும் ஒரு ரேக் வீதம் எண்ணிச் சரிசெய்யும் பழக்கத்தை முதலில் கொண்டுவாருங்கள். அப்புறம், கடையில் ஒரே ஒரு பீஸ் இருக்கும் துணியை இணையத்தில் காட்டாதீர்கள். இரண்டோ மூன்றோ இருந்தால் மட்டும் காட்டும்படி மென்பொருளில் வரம்பு வைக்கலாம். சீசன் கடைசியில் உடைந்த சைஸை விற்கும்போது இந்த வரம்பு இடிக்கும். அதற்கு வழி, அந்தத் துணிகளை மட்டும் கடையிலேயே தனி அலமாரிக்கு மாற்றிப் பூட்டி வைத்துவிட்டு வரம்பை எடுப்பது.

ஒரே ஆர்டரில் மூன்று துணி, மூன்றும் மூன்று ஊரில் இருந்தால்?

மூன்று பார்சல், மூன்று கூரியர் கட்டணம், மூன்று பாலிதீன் கவர், மூன்று முறை வாசலுக்கு வரும் டெலிவரி ஆள். வாடிக்கையாளர் கட்டியது ஒரே டெலிவரிக் கட்டணம், பல நேரம் அதுவும் இலவசம். கடைவழி அனுப்புவதில் லாபத்தைச் சத்தமில்லாமல் தின்பது இதுதான். கூரியரில் முதல் அரைக் கிலோவுக்குத்தான் ரேட் அதிகம், அடுத்த அரைக் கிலோவுக்குக் குறைவு. பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு பார்சலுக்கும் அந்த முதல் ரேட்டைக் கட்டுகிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் 5000-ஆல் வகுக்கிறார்கள். 40-க்கு 30-க்கு 20 அட்டைப்பெட்டி என்றால் 4.8 கிலோ. உள்ளே ஒன்றரைக் கிலோ துணிதான் இருந்தாலும் பில் வருவது 4.8 கிலோவுக்குத்தான். குடோனில் நான்கைந்து அளவு கவரும் பெட்டியும் வைத்து, ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சரியாக பேக் செய்ய முடியும். கடையில் கைக்குக் கிடைத்த பெட்டியில் போட்டு டேப் ஒட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்களுடைய முதல் வேலை இல்லை.

அதைப் பற்றிச் சொல்லுங்கள். கடை ஆட்கள் ஏன் ஆன்லைன் ஆர்டரை ஒதுக்குகிறார்கள்?

ஏனென்றால் அதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. விற்பனையாளருக்கு இன்சென்டிவ் கவுண்டர் விற்பனையில் வருகிறது. கடை மேனேஜரின் மாத டார்கெட்டும் கவுண்டர் விற்பனைதான். ஆன்லைன் ஆர்டர் அவர் கடையின் நல்ல துணியை எடுத்துக்கொண்டு போகிறது, பெயர் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. இந்த நிலையில் "கிடைக்கவில்லை" என்று அழுத்துவது மனிதர் செய்யக்கூடியதுதான்.

எந்தக் கடையிலிருந்து துணி கிளம்பியதோ, அந்தக் கடையின் விற்பனைக் கணக்கில் அதைச் சேருங்கள். பேக் செய்தவருக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுங்கள். ரிட்டர்ன் வந்தால் அதே கடையின் தலையில் கட்டாதீர்கள், அளவு சரியில்லாமல் திரும்புவது அவர்கள் குற்றம் இல்லை. மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆட்கள் பக்கம் நிற்காத முறை எதுவும் ஒரு சீசனைத் தாண்டாது.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன?

இரண்டு வழியிலும் ஜெயித்தவர்கள் உண்டு, தோற்றவர்களும் உண்டு.

அமெரிக்காவில் வெப்வேன் என்ற மளிகை நிறுவனம் 1999-ல் டெலிவரி தொடங்கியது. கடையே கிடையாது, நகரத்துக்கு ஒரு பிரம்மாண்டமான தானியங்கிக் குடோன் என்பது திட்டம். 26 குடோன்கள் கட்ட பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு 100 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. கட்டிய குடோனின் கொள்ளளவுக்கு ஆர்டர் வரவில்லை. 2001 ஜூலையில் திவால். அதே காலத்தில் பிரிட்டனில் டெஸ்கோ என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம், இருக்கிற கடையிலேயே ஆட்களை விட்டுப் பொருளைப் பொறுக்கி வேனில் அனுப்பியது. ஒரு ஆர்டருக்கான செலவு பெரிய குடோனைவிட அதிகம், ஆனால் முதலீடு மிகக் குறைவு. ஆர்டர் வளர்ந்து, கடைக்குள் வாடிக்கையாளரும் பொறுக்கும் ஆட்களும் இடித்துக்கொள்ளும் நிலை வந்த பிறகுதான் 2006-ல் லண்டனின் குராய்டன் பகுதியில் ஆன்லைனுக்கு மட்டுமான முதல் கடையைத் திறந்தது. இந்த வரிசைதான் நமக்கு முக்கியம். ஆர்டர் முதலில், கட்டடம் பிறகு.

மையக் குடோனே தோல்வி என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. அதே பிரிட்டனில் ஓகாடோ என்ற ஆன்லைன் மளிகை நிறுவனம் ஹாட்ஃபீல்டு ஊரில் ஒரு பெரிய மையத்தை வைத்துத்தான் வளர்ந்தது.

அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனம் தன் மொத்த விற்பனையில் 95 சதவீதத்துக்கு மேல் கடைகள் வழியாகவே நிறைவேற்றுவதாகச் சொல்கிறது, ஆன்லைன் ஆர்டர்களும் சேர்த்து. அதைப் பார்த்து நாமும் அப்படியே செய்யலாம் என்று இறங்குவதற்கு முன், 1,900-க்கும் மேற்பட்ட கடைகள், ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஆர்டர் பேக் செய்யத் தனி இடம், தனி ஆட்கள் என்பதையும் பாருங்கள். அப்படியிருந்தும் கடையிலேயே பார்சலைப் பிரிப்பது சிரமமாகி, பக்கத்துக் கடைகளின் பார்சல்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஏரியா வாரியாகப் பிரிக்கும் மையங்களை 2020-லிருந்து தொடங்கியது. முழுக்கக் கடைவழி என்று போனவர்களும் ஒரு பகுதியை மையத்துக்குத் திருப்ப வேண்டி வந்திருக்கிறது.

ஜிஎஸ்டி எந்தப் பக்கம்?

2017 ஜூலை 1-க்கு முன் வரிதான் குடோன் எங்கே என்பதை முடிவு செய்தது. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி; கிளைக்குச் சரக்கு மாற்றினால், இது விற்பனை இல்லை, கிளை மாற்றம்தான் என்று காட்டும் எஃப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். அதனால் பெரிய கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்தன. ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போனது. இப்போது திருச்சி குடோனிலிருந்து பெங்களூரு வாடிக்கையாளருக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜிஎஸ்டி) போட்டு நேராக அனுப்பலாம், அதற்காகக் கர்நாடகாவில் பதிவு தேவையில்லை.

கர்நாடகாவில் சரக்கே வைப்பதாக இருந்தால் அங்கே தனிப் பதிவு வேண்டும். ஒரே பான் எண் என்றாலும் சட்டத்தின் பார்வையில் அது தனி நபர், சொந்தக் கிளைக்கு அனுப்பும் சரக்குக்கும் வரி பில் போட வேண்டும். 5 சதவீத வரி உள்ள துணியில் 10 லட்சத்துக்கு அனுப்பினால் 50,000 ரூபாய் வரி இங்கே கணக்கில் ஏறும், அதைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட் அங்கே கிடைக்கும். நஷ்டம் இல்லை. ஆனால் துணி அங்கே விற்காமல் கிடந்தால் கிரெடிட்டும் அங்கேயே கிடக்கும், தமிழ்நாட்டு வரிக்கு அதை எடுத்துக் கழிக்க முடியாது.

தமிழ்நாட்டுக்குள் எல்லாக் கிளையும் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்கப்பட்டிருந்தால், கிளைக்குக் கிளை சரக்கு மாற்ற வரி இல்லை, டெலிவரி சலான் போதும். மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் வண்டியோடு போகும் இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும். குடோனைக் கூடுதல் இடமாகச் சேர்க்க மறந்துவிட்டு வண்டி சோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த முறையில் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது.

 

பெரிய ஆன்லைன் விற்பனைத் தளங்களின் குடோனில் நம் சரக்கை வைத்துவிட்டால்?

அனுப்பும் வேலை முழுக்க அவர்களுடையது, அது நிம்மதி. ஆனால் வேறு மாநிலத்தில் உள்ள அவர்கள் குடோனில் நம் துணி இருந்தால் அந்த மாநிலத்தில் நமக்குப் பதிவு வேண்டும். அங்கே வைத்த துணியைக் கடையில் விற்கவும் முடியாது. மெதுவாகப் போகும் சரக்கை அங்கே அனுப்பாதீர்கள், வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

ரிட்டர்ன் எங்கே வர வேண்டும்?

ஆர்டர் எங்கிருந்து போனாலும், கூரியரில் திரும்பும் பார்சல் ஒரே இடத்துக்கு வரட்டும். பிரித்துப் பார்க்க, கறை இருக்கிறதா, டேக் அறுந்திருக்கிறதா, போட்டு அனுப்பிய துணிதானா என்று சரிபார்க்கப் பழகிய கண் வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்பும் பார்சல்கள் நிறைய வரும், அவற்றைப் பிரித்து அன்றைக்கே ஸ்டாக்கில் ஏற்றாவிட்டால் அந்தத் துணி கணக்கிலும் இருக்காது, விற்பனையிலும் இருக்காது.

வாடிக்கையாளரே கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தால் எந்தக் கடையாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் கூரியர் செலவு மிச்சம், வேறு சைஸ் அங்கேயே கிடைத்தால் விற்பனையும் போகாது. சில கடைகளில் "ஆன்லைனில் வாங்கினதை இங்கே எடுக்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது ஒரே பெயர்தானே, வாடிக்கையாளருக்கு அந்தப் பிரிவு ஏன் புரிய வேண்டும்?

சரி, நான்கைந்து கடை இருக்கிறது, தினமும் ஐம்பது ஆர்டர் வருகிறது. நான் என்ன செய்ய?

தினமும் ஐம்பதுக்கு தனிக் கட்டடம் தேவையில்லை. இருப்பதில் பெரிய கடையின் மாடியையோ பின்பக்கத்தையோ தடுத்து, கடைக்காரர்கள் கைவைக்காத ஆன்லைன் ஸ்டாக்காக ஆக்குங்கள். புது மாடல்கள், எல்லா ஊரிலும் மெதுவாகப் போகும் துணிகள், விலை உயர்ந்த பட்டு எல்லாம் அங்கே மட்டும் இருக்கட்டும். பட்டில் ஒரு புடவைபோல் இன்னொன்று இருக்காது; அதைப் பல ஊரில் சிதறவிட்டால் எங்கே இருக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிடும். வேட்டி, பனியன், உள்பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம் போன்ற நாள்தோறும் போகும் சரக்கு எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்கும். அந்த ஊருக்குள் வரும் ஆர்டரை அந்தக் கடையே கொடுக்கலாம். உடைந்த சைஸ் சீசன் முடிவில் கடையிலிருந்து.

கடைவழி ஆரம்பிக்கும்போது எல்லாக் கடையையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஸ்டாக் சோதனையில் தேறிய ஒரே ஒரு கடையைச் சேர்த்து, வாரத்துக்கு மூன்று எண்களை மட்டும் பாருங்கள்: "கிடைக்கவில்லை" என்று திரும்பிய ஆர்டர் எத்தனை, இரண்டு பார்சலாகப் போன ஆர்டர் எத்தனை, ஆர்டர் வந்ததிலிருந்து கூரியர் கைக்குப் போக எத்தனை மணி நேரம். முதல் எண் குறையாமல் இரண்டாவது கடையைச் சேர்க்க வேண்டாம்.

எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

பொங்கல் விற்பனை முடிந்த பிறகு. பிப்ரவரியில் கடை ஓய்ந்திருக்கும், ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கும், முழு ஸ்டாக்கையும் எண்ண முடியும். ஆடித் தள்ளுபடிக்குள் ஒரு கடையாவது ஒழுங்காக ஓடினால் அந்தக் கூட்டத்தில் ஒரு சோதனையும் பார்த்துவிடலாம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் அதன்பின் தீபாவளி முடியும்வரை எந்தக் கடையையும் புதிதாகச் சேர்க்காதீர்கள், மென்பொருளையும் மாற்றாதீர்கள். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.